பைட்டில் அடங்காத பயணிகள்

சூவா துறையில் படகேறுகிறவர்களை எண்ணும் லிட்டியா அன்று 130 பேரை ஏற்றினாள். அவள் எண்ணிக்கையைப் பதியும் திரையோ −126 என்றது. எண்ணத் தெரியாதவள் என்று மேலாளர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

அங்கே கணினி வேலை பார்க்கும் நான் அந்தத் திரையின் ஜாவா நிரலைத் திறந்தேன். அதை எழுதிய சாகியூசா, 127ஐத் தாண்டினால் எதிர்மறைக்குச் சுற்றிவிடும் பைட் என்ற சின்ன எண் வகையில் எண்ணிக்கையை வைத்திருந்தான்.

"நிரலைச் சரிபாக்குற கம்பைலர் தடுக்கலயா?" என்று அவனைக் கேட்டேன்.

"தடுத்துச்சு அண்ணே. எண்ணுக்கு முன்னாடி அடைப்புக்குறியில பைட்டுன்னு போட்டேன், வாயை மூடிக்கிச்சு."

"அது வாயை மூடி, அவ வாயில மண்ணைப் போட்டுட்டியே."

பெரிய எண்களும் அடங்கும் இன்ட் என்று வகையை மாற்றிவிட்டு மேலாளரிடம் போனேன். "மைனஸ் நூத்தி இருபத்தாறு பேர் எப்படி சார் படகுல ஏறுவாங்க? அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மறுநாள் அவர் ஊர் வழக்கப்படி கவா வேர்க்கட்டோடு லிட்டியா வீட்டுத் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்; கட்டை வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். அவள் கட்டைத் தொடவில்லை.

"திரும்ப வேலைக்குச் சேத்துக்குற உத்தரவை எழுதிக் குடுங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."