தயாராகாத கார்

அர்லிண்டோ ஃபுர்டாடோ செய்த தவறை டர்லாக் ஊரில் பாதிப் பேர் ஒருமுறையாவது செய்திருப்பார்கள். காரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கு எரிந்தால் புகைப் பரிசோதனையில் தேறாது. தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அதனால் பரிசோதனைக் கடைக்குக் கிளம்பும் முன் பேட்டரி வயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் தொங்க விட்டார். காபி குடித்துவிட்டு வந்து திரும்ப மாட்டினார். விளக்கு அணைந்திருந்தது. அழுத பிள்ளையை மிட்டாய் கொடுத்து வாயடைத்த மாதிரி ஒரு திருப்தியோடு வண்டியை எடுத்தார்.

கடை ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஒரு ஷெட், ஒரு நாற்காலி, சின்னக் கண்ணாடித் தம்ளர்கள் கவிழ்த்து வைத்த ஒரு மேசை. நடத்துகிறவன் ராம்சின், அந்த ஊரில் வந்து குடியேறிய அசிரியக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன், நாற்பது வயதிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகித் திரையைப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"பேட்டரியக் கழட்டினீங்களா பெரியவரே?"

"இல்லையே."

"கழட்டியிருக்கீங்க."

"லேசாத்தான்."

"லேசா என்ன லேசா? இந்த வாரம் நீங்க அஞ்சாவது ஆளு. யாரு சொல்லித் தர்றாங்க உங்களுக்கெல்லாம் இத?" மேசைப் பக்கம் திரும்பித் தம்ளரில் டீயை ஊற்றி நீட்டினான். "அணைஞ்சது விளக்கு மட்டுமில்ல. இந்தக் காரோட மூளை மொத்தமா எல்லாத்தையும் மறந்துடுச்சு. இப்ப அது ஒவ்வொரு பாகமா தன்னையே சோதிச்சுப் பாக்கணும். அது முடியற வரைக்கும் என் மிஷின் இத 'தயாரா இல்ல'ன்னுதான் சொல்லும்."

"அது எப்பத் தயாராகும்?"

"ஓட்டணும். காலைல இன்ஜின் ஜில்லுனு கெடக்கறப்ப எடுங்க. ஹைவேல ஒரே வேகத்துல போங்க, பிரேக்ல கால் வைக்காதீங்க. அப்புறம் ஊருக்குள்ள நின்னு நின்னு வாங்க. ஒரு வாரம் இப்படி ஓட்டிட்டு வந்து காட்டுங்க."

"எங்க ஓட்டறது?"

"எங்கயாவது ஓட்டுங்க. காருக்கென்ன, நீங்க மாமியார் வீட்டுக்குப் போறீங்களா மளிகைக்குப் போறீங்களான்னு தெரியவா போகுது?"

அர்லிண்டோவின் மனைவி நட்டாலியா இறந்தது போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில். மகள் லிடியா வெகுதொலைவில் டென்வரில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். முப்பது வருஷம் பால் பண்ணையில் வேலை பார்த்த உடம்பு அவருடையது. இருட்டோடு எழுந்துகொள்ளும். எழுந்த பிறகு என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. குளிர்சாதனப் பெட்டி ஓடி நிற்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். சில நாள் கடைக்குப் போய்ப் பால் வாங்குவார். காசாளரிடம் "நன்றி" என்று சொல்வதுதான் அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல்லாக இருக்கும்.

மறுநாள் காலை அவர் முகச்சவரம் செய்துகொண்டார். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வேலைக்குப் போகிறவன் செய்துகொள்வான், அவ்வளவுதான். காரை எடுத்து ஹைவேயில் தெற்கே போனார். பிரேக்கைத் தொடாமல், முன்னே போகிறவர்களுக்கு இடம் விட்டு, ஒரே சீராகப் போனார். இருபுறமும் பாதாம் தோப்புகள் பூத்திருந்தன. தோப்போரம் தேனீப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மெர்செட் வந்ததும் திரும்பினார். திரும்பும் இடத்தில் பெட்ரோல் பங்கில் காபி வாங்கியபோது காசாளர் பையன், "எங்க சார் இவ்வளவு காலைல?" என்று வழக்கத்துக்குக் கேட்டான்.

"கார ஓட்டிப் பழக்கிக்கிட்டிருக்கேன். டெஸ்ட் இருக்கு. ஒரு வாரம் ஓட்டணும்னு சொல்லியிருக்காங்க," என்றார் அர்லிண்டோ. அதோடு நிறுத்தவில்லை. குளிர்ந்த இன்ஜின், பிரேக், காரின் மூளை எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் நின்ற ஒரு பெண் இருமிய பிறகுதான் நகர்ந்தார்.

அந்த வாரம் அவர் நன்றாகத் தூங்கினார். படுக்கும்போது நாளைக்கு எந்த வழியாகப் போகலாம் என்ற யோசனை இருந்தது. ஒருநாள் வடக்கே மொடெஸ்டோ வரை. ஒருநாள் கால்வாய்க் கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை லிடியா போன் செய்தபோது, "இப்பப் பேச முடியாதும்மா, வண்டி எடுக்கணும்," என்றார். மறுமுனையில் அவள் திகைத்துப்போனது கேட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

ஆறாம் நாள் லிவிங்ஸ்டன் பக்கத்தில் விளக்கு எரிந்தது.

அவர் காரை ஓரமாக நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காரின் மூளை தன்னைச் சோதித்து முடித்து, பழைய கோளாறையும் கண்டுபிடித்துவிட்டது. இப்போது கடைக்குப் போனால் ராம்சின் வயரைச் செருகுவான், மிஷின் 'தேறவில்லை' என்று சொல்லும், கதை முடிந்தது. நாளைக் காலை எழுந்து எங்கே போவது? லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது. வீட்டுக்கு வந்து, பானெட்டைத் தூக்கி, பேட்டரி வயரைக் கழற்றினார்.

கடையில் அவரைப் பார்த்ததும் ராம்சின், "வாங்க வாங்க, ரேஸ் ஓட்டிட்டு வந்தாச்சா?" என்றான். வயரைச் செருகினான். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"பெரியவரே, உங்க வீடு எங்க இருக்கு?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஏன்?"

"இங்கேருந்து நாலு மைல் இருக்குமா?"

"இருக்கும்."

"கடைசியா மூளை அழிஞ்சதுலேருந்து இந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு இதுல காட்டும். நாலு மைல்னு காட்டுது." ராம்சின் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை. "ஒரு வாரம் ஓட்டினதெல்லாம் பாழு. கழட்டினா எல்லாத்தையும் மறந்துடும்னு உங்ககிட்ட சொன்னேனே?"

"சொன்ன."

"பின்ன ஏன் கழட்டினீங்க?"

அர்லிண்டோ தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார். "திரும்பவும் ஓட்டச் சொல்வியேன்னு பாத்தேன்," என்றார்.

ராம்சின் துணியை எடுத்துக் கைகளைத் துடைத்தான். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன. வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். "சரி," என்றான் கடைசியில், "ஓட்டிட்டு வாங்க. ஆனா இந்தத் தடவை அந்த வயர் மேல கை வச்சீங்கன்னா நான் உங்க கைய வெட்டிடுவேன். விளக்கு எரிஞ்சா எரியட்டும். அப்படியே கொண்டாங்க."

அவர் சொன்ன பேச்சைக் கேட்டார். ஐந்து காலைகள் கிடைத்தன. ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. பரிசோதனையில் கார் தேறவில்லை. புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி செத்துவிட்டது என்றான் ராம்சின். புதிதாகப் போடுவதற்கு ஆகும் செலவில் இதைவிட நல்ல கார் ஒன்றே வாங்கிவிடலாம்.

"தர்மத்துக்குக் கொடுத்துடுங்க. தேறாத வண்டியையும் எடுத்துக்குவாங்க. போன் பண்ணினா போதும், வீட்டு வாசல்லயே வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப நான் ஒண்ணும் ஓட்ட வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம். உங்க வேலை முடிஞ்சுது," என்று ராம்சின் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த காரைக் கையசைத்து உள்ளே அழைத்தான்.

வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அர்லிண்டோ போன் செய்தார். எடுத்த பெண், "வண்டி ஓடுமா சார்?" என்று கேட்டாள். நன்றாக ஓடும் என்றார். மெர்செட் வரை ஒரே வேகத்தில் போனது, மேட்டில்கூட இரையவில்லை, நட்டாலியா ஓட்டியபோது ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றெல்லாம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவி இருக்கா சார்?" என்றாள்.

இழுவை லாரியை ஓட்டி வந்தவள் மாரிசெலா என்ற இளம்பெண். தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அர்லிண்டோ விடியற்காலையிலேயே சாசேஜ் வறுத்து, முட்டை பொரித்து, இரண்டு தட்டு வைத்திருந்தார்.

"உள்ள எதையும் விட்டுடலயே தாத்தா? போன வாரம் ஒருத்தர் பல்செட்ட விட்டுட்டாரு. அது பாட்டுக்குப் பின்சீட்ல சிரிச்சுக்கிட்டே வருது."

"எல்லாம் எடுத்துட்டேன். உள்ள வந்து சாப்பிடேன்மா. சூடா இருக்கு."

"ஐயோ, இன்னும் ஆறு வண்டி தூக்கணும். ரொட்டியில வச்சுக் கைல குடுங்க, உங்க பேரச் சொல்லிச் சாப்பிட்டுக்கறேன்."

அவள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் நெம்புகோலை இழுத்தாள். சங்கிலி இறுகி, கார் பின்பக்கமாக மெதுவாக லாரிமேல் ஏறியது. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையொன்று இருந்தது. அர்லிண்டோ அதைப் பார்க்காமல் இருக்க லாரியின் முன்பக்கம் போனார். எல்லாம் நினைத்ததைவிடச் சீக்கிரமாக முடிந்துவிட்டது.

"என்னையும் கொஞ்சம் இறக்கி விட முடியுமா?" என்றார்.

மாரிசெலா மென்றுகொண்டே அவரைப் பார்த்தாள். "எங்க இறங்கணும்?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. "ரயில் பாதைகிட்ட. அந்தப் புகை டெஸ்ட் கடையில."

"காரே இல்லாம புகை டெஸ்டா? உங்களையே உக்கார வச்சு ஊதச் சொல்லப் போறாங்களா?"

அர்லிண்டோ சிரித்தார். சிரிப்பு நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வழியில் அவளிடம் எத்தனையோ சொல்லலாம் என்றுதான் ஏறி உட்கார்ந்தார். ஆனால் அவள் போனில் யாரோடோ ஸ்பானிஷில் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினாள். நடுவே ஒருமுறை போனைக் கையால் பொத்தி, "என் தங்கச்சி. கழுத," என்று மட்டும் அவருக்கு விளக்கம் சொன்னாள். அவர் புரிந்ததுபோல் தலையாட்டினார்.

கடையில் மூன்று கார்கள் காத்திருந்தன. ஒரே நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ராம்சின் ஒரு காருக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"பெரியவரே! கார் எங்க?"

"இப்பத்தான் தூக்கிட்டுப் போறாங்க."

"நல்லதாப் போச்சு. ஏதாவது பேப்பர் விட்டுப்போச்சா?"

"இல்ல."

"அவங்க ஏதாவது கேட்டாங்களா என்ன?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்ப?" என்றான் ராம்சின். கேள்வியில் எந்தக் குத்தலும் இல்லை. கார் இல்லாமல் யாரும் அங்கே வந்ததில்லை, அவ்வளவுதான்.

"இந்தப் பக்கம் வந்தேன்," என்றார் அர்லிண்டோ.

"ஓ," என்றான் ராம்சின். கொஞ்சம் தாமதித்து, "டீ இருக்கு, ஊத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி காருக்குள் குனிந்தான்.

அர்லிண்டோ டீயை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். கார்கள் வந்தன, போயின. வந்தவர்கள் எல்லோரும் அவரிடம், "நீங்கதான் அடுத்தவரா?" என்று கேட்டார்கள். "இல்ல இல்ல, நீங்க போங்க," என்றார். ஒருவர் இதைப் பெரிய உபகாரமாக எடுத்துக்கொண்டு கையைக் குலுக்கி நன்றி சொன்னார். டீ ஆறிப்போயிருந்தது. ராம்சினுக்கும் அவருக்கும் நடுவே இரண்டு மூன்று தடவை பேச்சு ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கார் வந்து நின்றது.

மதியம் ராம்சின் ஷட்டரைப் பாதி இறக்கினான். "சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறேன். நீங்க எப்படிப் போவீங்க? உங்ககிட்ட இப்ப வண்டி இல்லையே."

"ஆள் வருது."

"யாரு, மகளா?"

"ஆமா."

அர்லிண்டோ வெளியே போய்ச் சாலையோரம் நின்றார். ஒருவர் வரும் திசையைப் பார்ப்பதுபோல் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ராம்சின் பூட்டிவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பி அவர் பக்கத்தில் வந்து நிறுத்தினான்.

"இன்னும் வரலையா? ஏறுங்க, நானே விட்டுட்டுப் போறேன். நாலு மைல்தான?"

ஏறியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். "வேணாம் தம்பி. அவ வந்து பாத்துட்டு நான் இல்லைன்னா பதறிப்போய்த் தேடுவா," என்றார்.

"அதுவும் சரிதான். நம்மளத் தேட ஒரு ஆள் இருக்கறதே பெரிய விஷயம்," என்று ராம்சின் சிரித்தான். ரயில் பாதையைத் தாண்டும்போது ஒருமுறை ஹாரன் அடித்தான். அர்லிண்டோ கையை உயர்த்தினார். வண்டி வளைவில் மறைந்த பிறகும், ஒருவேளை எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தால் என்று, வலப்பக்கம் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இடப்பக்கம் திரும்பிக் கால்வாயை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.