விருந்தாளிக்கு மரம், பிள்ளைக்கு டைல்ஸ்

குல்சானா வேலை முடிந்து புது வீட்டுக்கு வந்தபோது படுக்கையறையில் டைல்ஸ் ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. சுவரோரமாகப் பதினோரு கல் ஒட்டியாகிவிட்டது. பால் வெள்ளை, பளபளப்பு, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி.

பேசி வைத்தது இதுவா? அடுப்படிக்கும் வாசல் நடைக்கும் குளியலறைக்கும் விருந்தாளி அறைக்கும் டைல்ஸ், படுக்கையறைக்கு மரம். அவள் கணவன் மிர்லான் மாஸ்கோவில் வீடு வீடாக மரத்தரை போடுகிறவன். ஓக் பலகைகளைத் தானே பொறுக்கி லாரியில் கிர்கிஸ்தானுக்கு, நரினில் இருக்கும் இந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தான். ஓர் அறைக்குத்தான் வரும். அது எந்த அறை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மூன்று வயது மகள் பெகிமாய் போன குளிர்காலத்தில் இரண்டு முறை நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டில் கிட்டில் எல்லாம் கிடையாது, ஊரில் எல்லாரையும் போலத் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கை. மைனஸ் முப்பது டிகிரியில் கல்லின் குளிர் மூன்று மெத்தையைத் தாண்டியும் முதுகுக்கு வந்துவிடும்.

"யார் சொல்லி இங்க ஒட்டுறீங்க?"

கொத்தனார் ஜோல்தோஷ் கரணையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பெரியவர்தான் தங்கச்சி. மரம் விருந்தாளி ரூமுக்காம்."

பெரியவர் என்றால் மிர்லானின் அண்ணன். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் வீட்டு வேலையை மேற்பார்வை பார்க்கிறாராம். பலகையெல்லாம் விருந்தாளி அறையில் அடுக்கியிருந்தது. அவர் அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மரம் குழந்தை படுக்கிற ரூமுக்கு வந்தது."

"நாலு பெரிய மனுஷன் வந்தா கல்லுல உட்கார வைக்கச் சொல்றியா? ஊரு காறித் துப்பும்."

"நாலு பேரு வருஷத்துல ரெண்டு தடவ வருவாங்க. என் பொண்ணு தினம் படுக்கிறா."

"இன்னும் ரெண்டு மெத்த தெச்சுப் போடேன். அதுக்குத்தானே உங்க வீட்டுல வளத்தாங்க?"

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அறைக்குக் கதகதப்பு, பிள்ளைக்குப் பனிக்கட்டி. இதற்குப் பெயர் விருந்தோம்பலாம்! அங்கேயே நின்று மிர்லானைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணன் ஏதாச்சும் யோசிச்சுத்தான்..." என்று இழுத்தான் அவன். "நான் எப்படி அவர எதுத்து..."

"அங்க நீங்க வேல செய்ற வீட்டுல மரம் எந்த ரூமுக்குப் போடுவீங்க?"

"படுக்கிற ரூமுக்குத்தான். குழந்தைங்க ரூமுக்கு முதல்ல."

"யார் குழந்தைங்க?"

போனில் ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குறேன்ல? ஊரான் பிள்ள சூடா தூங்க முட்டி தேயப் பலக அடிக்கத் தெரியுது. உங்க பிள்ள இருமுற சத்தம் அங்க கேக்கல, இல்ல?"

போனை அணைக்காமல் படுக்கையறை ஜன்னலில் வைத்தாள். ஜோல்தோஷின் கரணையை எடுத்து முதல் கல்லின் அடியில் சொருகினாள். பசை காயவில்லை, கல் சளக்கென்று கழன்றது. இரண்டாவது, மூன்றாவது. அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு பெரியவர் நிற்கிறார்.

"எங்க கொண்டு போற?"

"விருந்தாளி ரூமுக்கு. வழி விடுங்க, ஓரோஸ்பெக்."

புருஷனின் அண்ணன் பெயரை இந்த ஊரில் எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். வாழ்க்கைப்பட்டு வந்த ஏழு வருஷத்தில் அவளும் சொன்னதில்லை. அவர் முகம் சிவந்தது. பிறகு அவராகவே ஒதுங்கி, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நாளைக்குள் தெரு முழுக்கப் பேசும். பேசட்டும்.

பதினொன்றையும் சுமந்து முடித்தாள். ஜோல்தோஷ் பசை வாளியை அந்த அறைக்குத் தூக்கிப் போனார். அவள் முட்டிபோட்டுத் தரையில் மிச்சமிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து மிர்லானின் குரல் வந்தது.

"குல்சானா... பலகைய உடனே அடிக்கச் சொல்லாத. ஒரு வாரம் படுக்கிற ரூம்லயே கிடக்கணும். அப்பதான் மரம் ரூம் குளிருக்குப் பழகும், பின்னாடி விரிசல் விடாது."

"ஒரு வாரம்தானே? அதுக்குள்ள வந்து நீங்களே அடிங்க."

"இங்க வேலைய விட்டுட்டு எப்படி..."

"வரலைன்னா நானே அடிப்பேன். கோணலாத்தான் இருக்கும். உங்க பொண்ணு கேட்டா, இது அம்மா போட்டது, அப்பா நல்லா போடுவாரு, ஆனா மத்தவங்களுக்குன்னு சொல்லிருவேன்."