செங்கோட்டையனின் கால், மருதாத்தாளின் வலி

1954ஆம் வருடம் பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி வாக்கில், மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு வெல்லம் ஏற்றி வந்த லாரி சின்னாறுக்கு மேலே ஒரு வளைவில் கவிழ்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த செங்கோட்டையனின் இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அதன் வலி அவனுக்கு வரவில்லை. ஐம்பது மைல் தள்ளி வடகரப்பதியில், வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த அவன் தாய் மருதாத்தாளுக்கு வந்தது. வரும் வழியில், நடுவே கிடந்த சென்னை ராஜ்யத்து எல்லையை இரண்டு முறை கடக்க வேண்டும், இரண்டு இடத்திலும் செக்போஸ்ட் உண்டு. வலியை யாரும் நிறுத்திச் சோதித்ததாகத் தெரியவில்லை.

மருதாத்தாள் தொடையைப் பிடித்துக்கொண்டு புளியின் மேலேயே சாய்ந்தாள். பாம்பு கடித்திருக்கும் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் காலில் பல் பதிந்த தடம் தேடினார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அதே நேரத்தில் மலையில், வெல்ல மூட்டைகளுக்கு அடியில் கிடந்த செங்கோட்டையன், டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். தன் இடது பாதம் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கண்டான். வேறு யாருடைய காலோ தன் வேட்டிக்குள் மாட்டிக்கொண்டதாகவே முதலில் நினைத்தான். அவனை இழுத்து எடுத்தவர்கள் அவனுடைய நெஞ்சுரத்தைப் பற்றி மறையூரில் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் நெஞ்சுரம் ஒன்றும் இல்லை என்று பின்னாளில் அவனே சொல்லியிருக்கிறான்.

எலும்பு வைத்தியம் பார்க்கும் கௌலத் அம்மாளை அழைத்து வந்தார்கள். ஐம்பது வயது, கனத்த உடம்பு, சுருக்கமான பேச்சு. சுற்றுப்பக்கம் ஏழெட்டு ஊரில் கைகால் முறிந்தவர்கள் சாதி மதம் பார்க்காமல் அவளிடம்தான் போவார்கள். அவள் மருதாத்தாளின் தொடையை இடுப்பிலிருந்து முழங்கால் வரை இரண்டு முறை தடவிப் பார்த்தாள்.

“எலும்பு முழுசா இருக்குது மருதக்கா. வலி மட்டும் முறிஞ்ச எலும்போட வலி. இது வேற யாருதோ.”

“என்ற பையனுதுங்கக்கா,” என்றாள் மருதாத்தாள்.

அந்த வீட்டில் மூன்று வருடமாக மகனைப் பற்றிய பேச்சே கிடையாது. கிணற்றில் மாடு கட்டி இறைப்பதை விட்டுவிட்டு ஆயில் எஞ்சின் வைக்கலாம் என்று மகன் சொன்னதும், எஞ்சின் புகை பட்டால் பயிர் கருகும் என்று தகப்பன் குப்பண்ணன் சொன்னதும், அந்தப் பேச்சு தடித்துப்போய் மகன் மறையூருக்குக் கரும்பு ஆலை வேலைக்குக் கிளம்பியதும் ஊருக்கே தெரிந்த சங்கதி. அவன் காகிதம் போடவில்லை. இனி அவனோடு பேசுவதில்லை என்று குப்பண்ணன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஆனாலும் மனைவி தொடையைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவர், எதுவும் கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறையூர்ப் பக்கம் பஸ் ஏறினார். லாரி கவிழ்ந்ததைச் சொல்லும் தந்தி மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தது. அதற்குள் அவர் உடுமலை ஆஸ்பத்திரியில் மகனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் கிடந்துதான் எலும்பு கூட வேண்டும் என்று அனுப்பினார்கள். குப்பண்ணன் வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் மகனைக் கிடத்திக் கூட்டி வந்தார். முப்பது மைல் வழிக்கு இரண்டு பகல் ஆனது. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மருதாத்தாள் வீட்டில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “இப்பத்தான் பொள்ளாச்சி தாண்டறாங்க,” என்பாள். “கோபாலபுரத்துக்கிட்ட ரோடு ரொம்ப மோசம்,” என்பாள். வண்டி வாசலுக்கு வந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி போட வேண்டியதுதான் பாக்கி.

வண்டிக்குள்ளிருந்து செங்கோட்டையன் தலையைத் தூக்கி, “நல்லாருக்கறீங்களா அம்மா?” என்று கேட்டான். இருபத்தாறு வயதில், தாடி மண்டி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். மருதாத்தாள் நல்லாருக்கேன் சாமி என்றாள். தனக்கு வாதம் வந்திருப்பதாகவும் அதனால்தான் காலை இழுத்து நடப்பதாகவும் சொன்னாள். உண்மையை அவனிடம் சொல்லக் கூடாது என்று வீட்டிலும் ஊரிலும் எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தாள். ஊர் கட்டுப்பட்டது.

கௌலத் அம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டைப் பிரித்துவிட்டு முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். அதன்பின் வீட்டில் இரண்டு கட்டில்கள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் முறிந்த கால் கிடந்தது, இன்னொன்றில் அதன் வலி கிடந்தது. மகன் கம்பங்கூழ் இரண்டு சொம்பு குடித்தான், மறையூரில் வாய்க்கால் தண்ணீர் தானாக வயலுக்கு வந்து நிற்பதைப் பற்றிப் பேசினான், பகலெல்லாம் தூங்கினான். தாய் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலை எல்லாம் குப்பண்ணன் தலையில் விழுந்தது. மகன் குழந்தையாக இருந்தபோது ஒருநாள்கூட அவனைக் குளிப்பாட்டாத மனிதர், இப்போது நாளைக்கு ஆறு முறை அவனைப் புரட்டிப் படுக்க வைத்தார், முதுகில் புண் வராமல் வாழையிலை விரித்தார், துணி நனைத்துத் துடைத்துவிட்டார், மலச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். சத்தியம் செய்திருந்ததால் மகனோடு பேச முடியாது. அதனால் கட்டிலோடு பேசினார். “கட்டிலே, கொஞ்சம் அந்தப் பக்கம் சாயி,” என்பார். மகன் சாய்வான். “கட்டிலுக்குப் பசிக்குதா?” என்பார். பசிக்குதுங்க என்று கட்டில் சார்பாக மகன் சொல்வான்.

ஆனால் அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. தன்னோடு பேசாத தகப்பன் தன் மலச்சட்டியைச் சுமப்பதை வலியில்லாத உடம்போடு படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த ஆம்பளைக்கும் லேசான காரியம் இல்லை. சித்திரை கடைசியில் ஒரு காலை, குப்பண்ணன் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் தானாக எழுந்து, பத்தைகளோடு வெளியே நடந்துபோய் வேப்பமரத்தடியில் நின்றான். கால் விசித்திரமாக மடங்கியது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் மருதாத்தாள் நினைவு தப்பிக் கிடந்தாள். கௌலத் அம்மாள் வந்து எலும்பை மறுபடி சேர்த்துக் கட்டினாள். வைகாசியில் இன்னொரு முறை அதேபோல் ஆயிற்று. இம்முறை பாதம் கறுக்க ஆரம்பித்தது.

கட்டி முடித்துக் கை கழுவிய கௌலத் அம்மாள் மருதாத்தாளை மாட்டுத் தொழுவம் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“மருதக்கா, கால் அவங்கிட்ட இருக்குது, வலி உங்ககிட்ட இருக்குது. இப்படி இருந்தா எலும்பு கூடாது. எந்த எடத்துல அசையக் கூடாதுன்னு ஒடம்புக்குச் சொல்றதே வலிதான். அவனுக்குச் சொல்ல ஆளில்ல.”

“நான் சொல்றேன். அசையாதேன்னு நான் சொல்லிக்கிறேன்.”

“ரெண்டு தடவ சொன்னீங்க. கேட்டானா? மூணாவது தடவ என் கைக்கு அடங்காது. கோயமுத்தூர் கொண்டுபோய்க் கால எடுத்துர வேண்டியதுதான்.”

மருதாத்தாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். “பெத்தவ தாங்கறதுல என்னக்கா தப்பு?” என்றாள். வலியைத் திருப்பிக் கொடுக்க ஏதாவது மருந்து உண்டா என்று குப்பண்ணன் கேட்டதற்கு, தன் பாட்டன் காலத்திலிருந்து அப்படி ஒரு மருந்து இல்லை என்றாள் கௌலத் அம்மாள். அந்த வலியில் பாதி தனக்கு வருமா என்றும் அவர் கேட்டார். மருதாத்தாளின் தொடையில் தன் தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தும் பார்த்தார். வரவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

விஷயத்தைச் செங்கோட்டையனே கண்டுபிடித்தான். ஆனி மாதம் கட்டு மாற்றும் நாளில், கௌலத் அம்மாள் அவன் தொடையை அழுத்தும்போதெல்லாம் எதிர்க் கட்டிலில் அம்மாவின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துவிட்டான். அழுத்தாதபோது புடைக்கவில்லை. அழுத்தச் சொல்லி இன்னொரு முறை பார்த்தான்.

“ஏனுங்கம்மா, எனக்குக் கட்டுப் போட்டா நீங்க எதுக்குப் பல்லக் கடிக்கறீங்க?”

மருதாத்தாள் வாதம் என்றாள். கௌலத் அம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். குப்பண்ணன் கட்டிலைப் பார்த்து, “உன்ற வலிதான் அது. லாரி கவுந்த அன்னைக்கே வந்துருச்சு,” என்றார். ஊர் மூன்று மாதம் காத்த ரகசியம் அப்படி முடிந்தது.

செங்கோட்டையன் அம்மாவின் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு, “குடுத்துருங்கம்மா,” என்றான்.

“என்னத்த?”

“என்ற வலிய எனக்கே குடுத்துருங்க.”

“உன்னால தாங்க முடியாது கண்ணு. உனக்குத் தெரியாது அது எப்படின்னு.”

“தெரியாமத்தானுங்களே ரெண்டு தடவ எந்திரிச்சு நடந்தேன். காயிதம் போடாம இருந்தேனே மூணு வருசம், அந்தச் சங்கடத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க. எனக்குன்னு எதையாவது உடுங்கம்மா.”

மறுநாள் காலை கூழ் குடித்த பிறகு மருதாத்தாள் அவன் கட்டிலில் உட்கார்ந்து, தொடையில் கை வைத்து, பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுப்பதைப் போல, “இந்தா,” என்றாள். அவ்வளவுதான் மந்திரம். முதல் நாள் கட்டெறும்பு கடித்த அளவுக்கு அவனுக்கு வந்தது. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து அவள் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் முள் ஏறிய அளவுக்கு. இப்படிப் பதினோரு காலை நடந்தது. நான்காம் நாள் அவன் கத்திய கத்தல் மூன்று தோட்டம் தள்ளிக் கேட்டது. கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மருதாத்தாள் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். குப்பண்ணன் மாட்டை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போய், எதுவும் விதைக்காத தரிசுக்குப் பொழுது சாயும் வரை தண்ணீர் இறைத்தார். மறுவாரம் அந்தத் தரிசு முழுக்கப் புல் முளைத்தது.

மருதாத்தாளுக்கு மோசமான நாட்கள் அப்போதுதான் வந்தன. வலி குறையக் குறைய அவளால் நிமிர்ந்து நடக்க முடிந்தது, குந்தி உட்கார முடிந்தது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்க முடிந்தது. வலியோடு கிடந்த மூன்று மாதத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வலியில்லாத காலோடு அடுப்படியில் நின்று அழுதாள். எட்டாம் நாள் அவன் போதும் போதும் என்று கெஞ்சியபோது திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கை நீட்டிவிட்டாள். செங்கோட்டையன் அந்தக் கையைப் பிடித்து விலக்கி வைத்தான். வேர்த்துக் கொட்டியது. “நாளைக்கும் குடுங்க,” என்றான்.

வலி வந்ததிலிருந்து அவன் அசையவில்லை. எந்தப் பக்கம் சாயலாம், எந்தப் பக்கம் கூடாது என்று கால் அவனுக்குச் சொன்னது. பாதத்தின் கறுப்பு ஆடியில் மறைந்தது. ஆவணிக் கடைசியில் கௌலத் அம்மாள் எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பத்தைகளை அவிழ்த்து அடுப்பில் போடச் சொன்னாள். புரட்டாசியில் ஒரு காலை குப்பண்ணன் மகனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். தொடை நடுங்கியது. ஒரு அடி எடுத்து வைத்தான். குப்பண்ணன் தன் சத்தியத்தை மறந்துபோனார், அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டார். மகன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“வலிக்குதுங்கய்யா.”

“நல்லது,” என்றார் குப்பண்ணன். அடுத்த அடி வைக்கச் சொன்னார்.

அன்று வாசலிலிருந்து வேப்பமரம் வரை போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. தை பிறப்பதற்குள் அவன் ஊன்றுகோல் இல்லாமல் கிணற்றுமேடு வரை நடந்தான். இடது கால் அரை விரற்கடை குட்டையாகிவிட்டது, கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பான். 1956இல் ஐப்பசி நடுவில் ஊர் கேரளத்தில் சேர்ந்தது. 1957இல் கிணற்றில் ஆயில் எஞ்சின் வந்தது. பயிர் கருகவில்லை, ஆனால் புகை தன் கண்ணுக்கு ஆகவில்லை என்று குப்பண்ணன் கடைசிவரை சொன்னார். 1958 வைகாசியில் செங்கோட்டையன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண் பூவாத்தாளைக் கட்டினான்.

கல்யாணமான வருடம் ஐப்பசி மழையில்தான் பூவாத்தாளுக்குச் சங்கதி தெரிந்தது. முறிந்து கூடிய எலும்பு மழைக்காலத்தில் குடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். செங்கோட்டையனுக்கு எந்த மழையிலும் குடைந்ததில்லை, அது ஏன் என்று பூவாத்தாள்தான் முதலில் கேட்டாள். கௌலத் அம்மாளைக் கேட்டார்கள். அவள் மருதாத்தாளின் முகத்தைப் பார்த்ததும், “எல்லாத்தையும் குடுக்கல போலருக்குதே மருதக்கா,” என்றாள். மருதாத்தாள் மறுக்கவில்லை. கடைசி நாளில் கொஞ்சமாகத் தனக்கென்று நிறுத்தி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். எலும்பு கூடிவிட்டது, இனி அது யாரிடம் இருந்தாலும் கெடுதல் இல்லை என்று கௌலத் அம்மாள் தீர்ப்புச் சொன்னாள். மகனும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த அளவு அவளிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அதன்பின் அந்த வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. மழை இறங்கி மாமியாருக்குக் கால் குடையும்போது, பூவாத்தாள் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடத்துக்கு எடுத்துக்கொண்டு போவாள். முதல் தடவை மட்டும் தெரியாமல் மாமியாரின் தொடையில் வைத்தாள், பலனில்லை. பிறகு விவரம் புரிந்து, கணவனை உட்கார வைத்து அவன் தொடையில் வைப்பாள். “ஏனுங்க, சுடுதுங்களா?” என்று அவனைக் கேட்பாள். எதிர்க் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் மருதாத்தாள், “சுடல அம்மணி, இன்னும் கொஞ்சம் மேல வையி,” என்பாள். பூவாத்தாள் முடிச்சைக் கணவன் காலில் இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்துவாள்.