ஈசானிய மூலை

கருப்பசாமியின் காரில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு எப்போதும் கிடக்கும். அதில் பதினேழு கடிதங்கள். பதினேழும் நியூ ஜெர்சியில் நிலம் வைத்திருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. இன்னார் என் நிலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. வாரத்தில் ஐந்து நாள் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குப் புரோகிராம் எழுதுகிற மனுஷன், சனிக்கிழமையானால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சோளக்கொல்லையில் பழைய பொத்தானும் தேய்ந்த செம்புக்காசும் தேடி அலைவதில் என்ன சுகம் கண்டானோ, அவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் வாசலில் போய் நின்று கேட்பதில் அவன் கெட்டிக்காரன். டிடெக்டரைக் காரிலேயே விட்டுவிடுவான். மணியை அழுத்தியதும் இரண்டடி பின்னால் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். என்ன தேடுகிறேன், எவ்வளவு ஆழம் தோண்டுவேன், எதுவும் கிடைத்தால் முதலில் உங்களிடம்தான் காட்டுவேன் என்று ஒன்று விடாமல் சொல்வான். புல்லை மூன்று பக்கம் அறுத்து மூடிபோலத் திறந்து, மண்ணைத் துண்டில் கொட்டி, வேலை முடிந்ததும் அப்படியே மூடி மிதித்துவிடுவான். மறுநாள் போய்ப் பார்த்தால் குழி இருந்த இடம் அவனுக்கே தெரியாது. முதல் தடவை கதவைச் சாத்தியவர்கள்கூட மூன்றாம் தடவை காபி கொடுத்திருக்கிறார்கள். "ஆபீஸ்ல வாயே திறக்க மாட்டீங்களாம், வெள்ளக்காரன் வாசல்ல மட்டும் இந்தக் குழை குழையறீங்க" என்று அவன் மனைவி நாகலக்ஷ்மி கேலி பண்ணுவாள். நிலத்துக்காரரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இரண்டாயிரத்து ஒன்று ஜூலையில் மீனாக்ஷி அவர்கள் வீட்டுக்கு வந்தாள். திருமங்கலத்துப் பெண், நாகலக்ஷ்மிக்குக் கோயிலில் பழக்கம். கணவன் வாஞ்சிநாதனுக்கு வேலை போய், ஆறு வருஷ விசாவும் முடிந்து, சவுத் பிரன்ஸ்விக்கில் இருந்த வீட்டை மே மாதமே விற்றுவிட்டு, எடிசனில் ஒரு சிநேகிதி வீட்டில் பெட்டிகளோடு தங்கியிருந்தார்கள். அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை விமானம். நாகலக்ஷ்மி கொடுத்த காபி ஆறிக்கொண்டிருக்க, அவள் கருப்பசாமியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள்.

வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, பில்டரின் ஆட்கள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர்களாகவே போய்ப் பூமி பூஜை செய்திருக்கிறார்கள். ஈசானிய மூலையில் ஓரடி பள்ளம் தோண்டி, ஒரு செப்புச் சொம்பில் நவதானியமும் நவரத்தினமும் போட்டு, பொன் கொஞ்சம் போட வேண்டுமென்று வந்தபோது மீனாக்ஷி தன் அம்மாவின் தாலியைப் போட்டுவிட்டாள். அம்மா காலமெல்லாம் வாடகை வீட்டிலேயே இருந்து, வாடகை வீட்டிலேயே சுமங்கலியாய்ப் போய்ச் சேர்ந்தவள்.

"சொந்த வீடுன்னு அவளுக்கு ஒண்ணு அமையவே இல்லண்ணே. சரி, எம் வீட்லயாச்சும் இருக்கட்டும்னு வெச்சேன். இப்ப யார் வீட்லயோ விட்டுட்டுப் போறேனேண்ணே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று கருப்பசாமிக்கு இருந்தது.

வீட்டை வாங்கியவன் யார் என்று கேட்டான். செழியன் என்று ஈரோட்டுக்காரன், ஏதோ டெலிகாம் கம்பெனியில் இருக்கிறான் என்றாள். கருப்பசாமிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நம்ம பாஷையில் ஒரு வார்த்தை தெரியாத பதினேழு வெள்ளைக்காரர்களிடம் அனுமதி வாங்கியாயிற்று, நம்ம ஊர்க்காரனிடம் வாங்குவதற்கா கஷ்டம்? "கவலைப்படாதீங்க, நம்ம ஆளுதானே" என்று சொல்லி அனுப்பினான். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டான்.

செழியன் நல்ல மாதிரிதான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான். கருப்பசாமி வழக்கம்போல ஒன்று விடாமல் சொன்னான். ஈசானிய மூலை, சொம்பு, நவரத்தினம், தாலி. சொல்லச் சொல்லச் செழியனின் முகம் இறுகிக்கொண்டே போனது. பின்பக்கக் கதவருகே அவன் மனைவி பிரீத்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு.

கருப்பசாமி பேசி முடித்ததும் செழியன் அவனை வாசலுக்கு வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினான்.

"ஜெர்சி சிட்டி அபார்ட்மெண்ட்ல இருந்தப்ப எங்களுக்கு ரெண்டு தடவ அஞ்சாம் மாசத்துல கலஞ்சு போச்சுங்க. இந்த வீட்டுக்கு வந்தப்பறம்தான் இது நிக்குது. எதனால நிக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததத் தோண்டி எடுக்க நான் விடமாட்டேன்."

வெள்ளைக்காரனாய் இருந்தால் எடுத்துக்கொண்டு போ என்றிருப்பான். அவனுக்கு அது மண்ணுக்குள் கிடக்கிற ஒரு பாத்திரம். இவனுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது, தெரிந்ததுதான் வினை. கருப்பசாமி தன் உண்மை பேசும் வாயைத் தானே நொந்துகொண்டு காரில் ஏறினான்.

வீட்டில் நாகலக்ஷ்மி, "வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க. விட்ருங்க" என்றாள். விட அவனால் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி போனான். தாலியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த அம்மா அடுத்த வியாழக்கிழமை ஊருக்குப் போகிறாள், ஒருமுறை வந்து இடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், மண்வெட்டி எடுத்துவர மாட்டேன், இருக்கிறதா என்று மட்டும் காதால் கேட்டுச் சொல்கிறேன் என்றான். செழியன் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டான். மறுநாள் பிரீத்தியே போன் பண்ணினாள். சனிக்கிழமை காலை பத்தரைக்கு மேல் வரச் சொல்லுங்கள், பார்க்கட்டும், தோண்ட மட்டும் வேண்டாம் என்றாள். அந்தப் பெண்ணின் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபிறகு கருப்பசாமிக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

சனிக்கிழமை ஐந்து பேரும் பின்பக்கப் புல்தரையில் நின்றார்கள். வாஞ்சிநாதன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாய் ஒதுங்கி நின்றான். வேலை போன ஆண்பிள்ளைக்கு விற்ற வீட்டில் வந்து நிற்பது எப்படி இருக்கும்! மீனாக்ஷி நேராகப் போய் மூலையைக் காட்டினாள். "சுவத்துலேர்ந்து மூணடிண்ணே. நானே அடி வெச்சு அளந்தேன்."

கருப்பசாமி ஹெட்ஃபோனை மாட்டி டிடெக்டரை வீசத் தொடங்கினான். ஓரடி ஆழத்தில் கைப்பிடி அளவு செம்பு கிடந்தால் காது கிழியக் கத்த வேண்டும். கத்தவில்லை. ஒரு ஆணி முனகியது. ஒரு சோடா மூடி. மூன்றடியை ஐந்தடியாக்கினான், பத்தடியாக்கினான். குறுக்கே போனான், நெடுக்கே போனான். டிடெக்டர் பயல் மூச்சு விடவில்லை.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எல்லையில் நின்ற அந்த மரம் கண்ணில் பட்டது. பில்டர் வெட்டாமல் விட்டுவைத்த பழைய மேப்பிள். அதன் வேரைச் சுற்றி மட்டும் மண் ஒன்றரை அடி மேடாக நின்றது. மற்ற இடமெல்லாம் சமமாய்ச் சரிந்து கிடந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது. இவர்கள் பூஜை போட்ட பிறகு பில்டர் மெஷினைக் கொண்டுவந்து மண்ணை வழித்துத் தரையை மட்டம் செய்திருக்கிறான். சொம்பும் தாலியும் லாரியில் ஏறி, எந்தப் பள்ளத்தை நிரப்பப் போயினவோ. இந்த வீட்டில் இவர்கள் குடிவந்த நாளிலிருந்தே அது இல்லை. மீனாக்ஷி நாலு வருஷம் வெறும் மண்ணுக்கு விளக்கேற்றியிருக்கிறாள்.

அவன் திரும்பினான். மீனாக்ஷி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரீத்தி வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்ற ஒரு சொல் இரண்டு பேரையும் சாய்த்துவிடும். ஒருத்திக்கு அம்மா போய்விடுவாள். இன்னொருத்திக்கு அடுத்த இரண்டு மாதத்துக்குத் தூக்கம் போய்விடும். 

கால் தானாகப் பின்படிக்கட்டுப் பக்கம் போயிற்று. அங்கே கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். உள்ளே கம்பி வலை இருக்கும், எந்த டிடெக்டரும் அதன்மேல் அலறும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கிவிட்டு டிடெக்டரைத் தளத்தின் விளிம்பில் நீட்டினான். ஊரே கேட்கிற மாதிரி அது அலறியது.

"இருக்கும்மா. தளத்துக்கு அடியில போயிருச்சு. நல்ல ஆழத்துல இருக்கு, எடுக்க முடியாது. ஆனா இருக்கு."

மீனாக்ஷி மண்டியிட்டு அந்தக் கான்கிரீட்டில் நெற்றியை வைத்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிரீத்தி உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து அவளுக்கு வைத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். செழியன் கருப்பசாமியின் தோளைத் தொட்டு, ரொம்ப நன்றிங்க என்றான். பதினேழு நிலத்துக்காரர்கள் நன்றி சொல்லியிருக்கிறார்கள். இந்த நன்றிக்கு மட்டும் கருப்பசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு டிடெக்டரைக் கழற்றினான். போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம், நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கார் ஓட்டினான். நாகலக்ஷ்மியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசுக்குச் செழியன் போன் பண்ணினான். குரலில் உற்சாகம்.

பிரீத்தி மூன்று நாளாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். இன்னொருத்தி அம்மாவுடைய தாலியை அடியில் போட்டுக்கொண்டு நான் எப்படிப் பிள்ளை பெறுவேன், அது நமக்கு ஆகாது, கொடுத்துவிடுங்கள் என்று பிடிவாதமாம். தளம் போனால் போகிறது, வேறு போட்டுக்கொள்ளலாம் என்று இவனும் முடிவு செய்துவிட்டானாம். புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கான்கிரீட் உடைக்க ஆள் வருகிறான்.

"மீனாக்ஷி அக்காகிட்ட நேத்தே சொல்லிட்டோங்க. நீங்க வந்து எடத்த மட்டும் காமிச்சிருங்க. எத்தன ஆழம்னாலும் தோண்டலாம். எழுதிக் குடுக்கறதுன்னாலும் எழுதித் தர்றேனுங்க."

கருப்பசாமி இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் அனுமதி கேட்டு நின்றிருக்கிறான். இப்படி மனசு திறந்து ஒருத்தரும் கொடுத்ததில்லை.  பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். செழியனிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் கேட்க வேண்டியவள் மீனாக்ஷி. வேறு யார் சொல்லியும் அவள் காதுக்கு இது போகக்கூடாது. நம்பரை மூன்று தடவை தப்பாக அழுத்தி, நாலாவது தடவை சரியாக அழுத்தினான்.

மீனாக்ஷிதான் எடுத்தாள். அவன் வாயைத் திறக்குமுன் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். ஓக் ட்ரீ ரோட்டில் நம்ம ஊர்க் கடைக்குப் போய்ப் புதுச் சொம்பு வாங்கிவிட்டாளாம். நவதானியம் வாங்கியாயிற்றாம். அம்மாவை எடுத்த இடம் வெறுமையாய் இருக்கக்கூடாது, பிரீத்தி பயப்படுவாள், அதனால் தன் மூக்குத்தியைக் கழற்றிச் சொம்பில் போட்டுத் தயாராய் வைத்திருக்கிறாளாம். அந்தப் பிள்ளை நல்லபடியாய்ப் பிறக்கட்டும் என்றாள். இத்தனை நாளில் அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

"மீனாக்ஷி, கொஞ்சம் கேளும்மா" என்றான்.

சொன்னான். மரத்தைச் சொன்னான், வழித்துப்போன மண்ணைச் சொன்னான், கம்பி வலையைச் சொன்னான். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.  

"புதன்கெழம காலைல எடுத்துருவோம்னு நேத்து ராத்திரி அம்மா படத்துகிட்ட சொல்லிட்டனேண்ணே" என்றாள் அவள்.