மணிக்கட்டில் குறட்டை

பெயிண்டரின் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம், பெயிண்ட் விலை ஏறிய அதே வாரத்தில் குறட்டை விட ஆரம்பித்தது. தெருவில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். உள்ளே ஏதோ உரசுகிறது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இரண்டு இழுப்பு ஏறி, மூன்றாவது மெல்லிய விசிலாக இறங்கியபோது ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அது அவர் மனைவியின் குறட்டை. அத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவருக்கா தெரியாது?

"நான் எப்பங்க குறட்டை விட்டேன்?" என்று மனைவி கோபித்துக்கொண்டாள். மகளை வெளிநாட்டு வேலைக்கு வழியனுப்பிய நாளிலிருந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை கணவரின் மணிக்கட்டைக் கடிகாரத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். தூக்கம் அப்போதுதான் உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்றார் பக்கத்து வீட்டு டீச்சர். டாக்டர் கொடுத்த மாத்திரையில் கடிகாரத்தின் குறட்டை கூடியதே தவிர இவள் கண் மூடவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். பெயிண்டர் கடிகாரத்தைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

கடிகாரக் கடைக்காரர் அதைக் காதில் வைத்தார், குலுக்கினார், நிமிர்த்திக் கேட்டார், கவிழ்த்துக் கேட்டார். கை அசைய அசைய உள்ளே ஒரு தகடு சுற்றிச் சாவி ஏற்றும். அதன் ஸ்க்ரூ தளர்ந்தால் அசைக்கும்போது சத்தம் வரும். இதுவோ சும்மா கிடக்கும்போதும் வந்தது. பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, ஸ்க்ரூவை முடுக்கினார். கரகரப்பு போனது. குறட்டை இன்னும் தெளிவாகக் கேட்டது.

"ஸ்க்ரூ சத்தத்த சரி பண்ணிட்டேன். இது எந்தக் கணக்குல வருதுன்னு எனக்குப் புரியலண்ணே."

"நிறுத்திப் பாக்கலாமா?"

"கழட்டி வெச்சா தானா நின்னுடும். அப்புறம் தூக்கம் அண்ணிக்குத் திரும்புமா, ஒரேயடியா போயிடுமான்னு என்னைக் கேக்காதீங்க."

பெயிண்டர் குழம்பிப்போனார். கழற்றி ஆணியில் மாட்டுவார், பயந்து எடுத்துக் கட்டிக்கொள்வார், மறுபடி மாட்டுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு மதியம், "என் தூக்கத்த நீங்க ஏங்க சுமக்கணும்?" என்று பிடுங்கித் தன் கையில் கட்டினாள். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல் அங்கேயே சாய்ந்தாள். கடிகாரம் வாயை மூடிக்கொண்டது. குறட்டை அவளிடமிருந்து வந்தது. பெயிண்டர் அழுதுவிட்டார்.

ஆனால் தூங்குகிறவள் கை அசைவதில்லை. தூக்கம் சுமந்த கடிகாரத்துக்குச் சாவியும் சீக்கிரம் தீர்ந்தது. முள் நின்றதும் அவள் மகளைக் கூப்பிட்டபடி விழித்தாள், மகள் இல்லாததைப் புதிதாகக் கேள்விப்பட்டவளைப் போல.

அதனால் இப்போதெல்லாம் மதியம் சாப்பிட்டதும் அவள் படுத்துக்கொள்வாள். பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பார், மகளுக்குத் தொட்டில் ஆட்டிய அதே வேகத்தில். வீட்டுக்கு வர்ணம் அடிக்க ஆள் தேடி வருகிறவர்களிடம் தெருவில் சொல்லிவிடுவார்கள்: நல்ல வேலைக்காரர், மதியத்தில் மட்டும் கிடைக்கமாட்டார்.