அரசலங்குடியில் ஒரு நிமிடம்

கல்யாணசுந்தரி தினமும் காலையில் தன் வீட்டைக் கடந்து போவாள். அதில் வேடிக்கை என்னவென்றால், ரயிலில் உட்கார்ந்தபடி கடந்து போவாள். அரசலங்குடியில் அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒட்டியே தண்டவாளம் ஓடியது. ஆனால் வண்டி அங்கே நிற்காது. அதனால் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் திருநள்ளாறு வரைக்கும் போய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, காரைக்காலிலிருந்து வரும் மெமு ரயிலில் ஏறி, வந்த வழியே திரும்பி, மயிலாடுதுறையில் இருக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். போகிற போக்கில் ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக் கொடியில் காயும் துணிகளையும், பல் துலக்கிக்கொண்டு நிற்கும் கணவன் அம்பலவாணனையும் பார்ப்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆடு அவளுடைய புதுச் சேலையின் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. ஓடும் ரயிலிலிருந்து "ஏய், சூ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஆடு மட்டும் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே மன்சூர் அலியின் டைல்ஸ் கடைக்குப் போய், "அண்ணே, நம்ம ஊர்ல ரயிலு நிக்கணும். என்ன செய்யலாம்?" என்று கேட்டாள்.

மன்சூர் அலி சார்ஜாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. மறுவாரமே ரயில் பயணிகள் சங்கம் தொடங்கிவிட்டார். அவர் தலைவர், கல்யாணசுந்தரி செயலாளர். மனு மேல் மனுவாகப் போனது. கடைசியில் ரயில் நிர்வாகம் இறங்கி வந்தது. காலையில் போகும்போது ஒருமுறை, மாலையில் திரும்பும்போது ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக, ஒரே ஒரு நிமிடம் வண்டி நிற்கும்.

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷத்துலயா எடுத்துருவான்?" என்றார் மன்சூர் அலி. "மொத மொதல்ல ஊருக்கு வர்றான். மாலை போடணும், சால்வை போத்தணும், நான் ரெண்டு வார்த்தை பேசணும். உத்திராபதி மேளத்துக்குச் சொல்லியாச்சு."

"அண்ணே, அது நம்ம வூட்டுக்கு வர்ற சம்பந்தி இல்ல. நிக்கும், போயிடும். பேச்சையெல்லாம் ரயிலு வர்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க."

"ரயிலு இல்லாம யாருக்கும்மா பேசுறது?" என்று கேட்டார் அவர்.

அந்தக் காலையும் வந்தது. பயன்படாமல் கிடந்த பழைய சிறிய நடைமேடைக்குப் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். டைல்ஸ் கடைக்குச் சரக்கு ஏற்றும் தௌஹீத் தன் குட்டியானை வேனில் நாற்காலிகளும் மைக் செட்டும் கொண்டுவந்து இறக்கிப் போட்டிருந்தான். மன்சூர் அலியின் மனைவி ரோஷன் பேகம் விடிவதற்கு முன்பே எழுந்து ரவையும் நெய்யுமாகத் தம்ரூட் இனிப்பைக் கிளறி, இரண்டு பெரிய தாம்பாளங்களில் துண்டு போட்டு எடுத்து வந்திருந்தார். நெய் வாசனை நடைமேடை முழுவதும் பரவியிருந்தது. நாகஸ்வரக்காரர் உத்திராபதியிடம் மன்சூர் அலி ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். "நான் எங்க போறேனோ அங்க மேளம் வரணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

அந்த ஊரிலிருந்து அன்றைக்கு ரயிலில் போக வேண்டியவள் கல்யாணசுந்தரி ஒருத்திதான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவளுடைய சீசன் டிக்கெட் முந்தின நாளோடு முடிந்திருந்தது. அதனால் அரசலங்குடியிலிருந்து மயிலாடுதுறைக்கு என்று முதல் டிக்கெட்டை வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தாள். அம்பலவாணன் அவளை அந்த டிக்கெட்டோடு நிற்க வைத்துப் போட்டோகூட எடுத்தான்.

வளைவில் வண்டியின் முகம் தெரிந்ததும் தவில் அதிர்ந்தது. எட்டுப் பெட்டி மெமு அலட்டிக்கொள்ளாமல் வந்து நின்றது. யாரோ எட்டி ஓட்டுநரிடம் மாலையைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி முன் கண்ணாடியின் வைப்பரில் மாட்டிவிட்டுக் கும்பிட்டார். பெட்டிகளின் வாசல்களில் பயணிகள் நெருக்கியடித்துக்கொண்டு, "என்னங்க விசேஷம்? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்கள்.

"உங்களுக்குத்தான்!" என்று சொல்லிக்கொண்டே மன்சூர் அலி ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடுப்பெட்டியில் ஏறிவிட்டார். தலைவர் போகும் இடத்துக்கு மேளம் போக வேண்டுமல்லவா? வாசித்தபடியே உத்திராபதி ஏறினார். அவர் பின்னால் தவில்காரர் இருவரும், தாளக்காரரும் ஏறினார்கள். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரும் ஏறினார்கள். வீட்டுக்காரர் ஏறிவிட்டார் என்று ரோஷன் பேகமும் இரண்டாவது தாம்பாளத்தோடு கடைசிப் பெட்டியில் ஏறினார்.

கல்யாணசுந்தரி கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கார்டு நவநீதனுக்குச் சால்வை போர்த்துவது அவள் வேலை. போர்த்தி முடித்ததும் அவர், "ரொம்ப சந்தோஷங்க. ஆனா நேரம் ஆயிருச்சு. உள்ள இருக்கறவங்களை இறங்கச் சொல்லுங்க" என்று விசிலை எடுத்தார்.

"அக்கா, இறங்குங்க! வண்டி எடுக்கப்போவுது!" என்று ஓடிப்போய், தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்து, ரோஷன் பேகத்தின் இரண்டு கைகளையும் பிடித்து மெல்ல இறக்கினாள். அவர் கால் நடைமேடையில் பட்டதும் நவநீதன் எட்டிப் பார்த்துப் பச்சைக் கொடியை அசைத்தார். மின்சார வண்டி. சட்டென்று வேகம் பிடித்துவிட்டது. நாகஸ்வரச் சத்தம் பெட்டிக்குள்ளிருந்தே கிளம்பி, தேய்ந்து, வயல்களுக்கு அப்பால் போய் மறைந்தது.

நடைமேடையில் காலி நாற்காலிகளும், ஊர்ச் சனமும், ஒரு தாம்பாளம் தம்ரூட்டும் மிச்சம் இருந்தன.

ரோஷன் பேகம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நீ ஏறலையா?"

கல்யாணசுந்தரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எதற்காக இத்தனை பாடுபட்டாளோ அந்த வண்டியில் சங்கமே ஏறிப் போய்விட்டது, டிக்கெட் வாங்கிய அவளைத் தவிர. ரோஷன் பேகத்தின் வாய் கோணுவதைப் பார்த்ததும் அவளுக்கும் தாங்கவில்லை. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அப்போது போன் அடித்தது. மன்சூர் அலிதான். பின்னணியில் தவில் முழங்கியது.

"தங்கச்சி! வண்டி எடுத்துட்டான்!"

"தெரியுதுண்ணே."

"இங்க டிடிஆர் வேற வந்து நிக்கிறாரு. யார்கிட்டயும் டிக்கெட் இல்லம்மா!"

தௌஹீத் அதற்குள் குட்டியானையைக் கிளப்பியிருந்தான். "ஏறுங்கக்கா. பேரளத்துல எதிர் வண்டிக்குக் கிராசிங் போட்டு நிறுத்துவாங்க. புடிச்சிரலாம்."

அவள் முன்சீட்டில் ஏறினாள். வாய்க்கால் கரையோரம் வண்டி குதித்துக் குதித்துப் போனது. பாலத்தில் ஒரு வைக்கோல் டிராக்டர் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. தௌஹீத் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. "ஸ்கூட்டர்ல திருநள்ளாறு போயிருந்தா இந்நேரம் சீட்டு புடிச்சி உக்காந்திருப்பேன் தம்பி" என்று அவள் சொல்ல, அவன் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

பேரளம் ஸ்டேஷன் கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுந்தது. உத்திராபதி இன்னும் நிறுத்தவில்லை. அவள் படியேறி ஓடினாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. நடுப்பெட்டியில் பயணிகள் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் ஒரு கையில் ரசீதுக் கட்டும் மறு கையில் தம்ரூட்டுமாக நின்றார்.

"இத்தனை பேர்ல ஒருத்தர்கிட்டகூட டிக்கெட் இல்லையா சார்?" என்று அவர் மன்சூர் அலியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட இருக்கு சார்" என்று மூச்சிரைக்க நீட்டினாள் கல்யாணசுந்தரி.

அவர் வாங்கிப் பார்த்தார். "அரசலங்குடியிலேர்ந்துன்னு போட்டிருக்கு. நீங்க இப்பத்தானே இங்க வர்றீங்க?"

"ஆமா சார். டிக்கெட் எடுத்தவ ஏறல. ஏறுனவங்க டிக்கெட் எடுக்கல."

பரிசோதகர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தம்ரூட்டை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனாலும் கடமை கடமைதான். மற்றவர்களுக்கு அபராதம் போட்டே தீருவேன் என்றார். மன்சூர் அலி துளியும் வருத்தப்படவில்லை. "போடுங்க சார், தாராளமா போடுங்க. ஏறின ஊர் அரசலங்குடின்னு மட்டும் தெளிவா எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதுங்க" என்று பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

எதிர்வண்டி தடதடவென்று கடந்துபோனதும் சிக்னல் விழுந்தது. சங்கமும் மேளமும் பேரளத்தில் இறங்கின. பெட்டியில் ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுக்க, கல்யாணசுந்தரி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் எல்லாருடைய விரலிலும் நெய் மினுங்கியது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்பலவாணன் போன் செய்தான். குட்டியானையில் எல்லோரும் நின்றபடியே ஊர் திரும்பினார்களாம். வழியில் ஒரு வளைகாப்பு வீட்டில் மேளத்தைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்களாம். மன்சூர் அலி பேச முடியாமல் போன பேச்சை அங்கே பேசி முடித்தாராம்.

சாயங்காலம் வண்டி அரசலங்குடியில் நின்றபோது மேளம் இல்லை, மாலை இல்லை. மேற்கே வெயில் சாய்ந்து நாற்றங்கால் பச்சை மின்னியது. கல்யாணசுந்தரி இறங்கினாள். தான் ஒருத்திதான் என்று நினைத்தவள் திரும்பிப் பார்த்தாள். முன்பெட்டியிலிருந்து நர்சிங் சீருடையில் ஒரு பெண் இறங்கினாள். அடுத்ததிலிருந்து தோளில் சைக்கிள் டயரோடு ஒருவர். அதற்கும் அப்பால், தூங்கும் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு ஒரு கணவன் மனைவி. வடக்குத் தெருக்காரர்களும் பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும்தான். முகம் தெரியும், பேசியதில்லை. இத்தனை நாளும் ஆளுக்கொரு வழியாகத் திருநள்ளாற்றைச் சுற்றி வந்தவர்கள்.

"நீங்களும் இந்த வண்டிதானாக்கா?" என்று கேட்டாள் நர்சிங் பெண்.

"ஆமாம்மா. காலைல ஏன் காணோம்?"

"கூட்டத்தைப் பாத்து ஏதோ அரசியல் மீட்டிங்னு நெனச்சு பஸ்ஸுக்குப் போயிட்டேங்க்கா."

கல்யாணசுந்தரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பின் காரணத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். சைக்கிள் டயர்க்காரரும் கேட்பதற்காக நடையை மெதுவாக்கினார். குழந்தைக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். வாய்க்கால் வரப்பு ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராக, பின்னால் வருபவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கப் பேசியபடி, அவர்கள் ஊருக்குள் போனார்கள்.