பீர் முகம்மதுவின் மாமரங்கள்

கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. சண்முகசுந்தரி தட்டித் தட்டிச் சலித்துப்போனாள். பைனான்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு ஓடிய தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. ஏமாந்தவர்களுக்காக வண்ணார்பேட்டையில் ஒரு லாட்ஜ் மாடியில் முதலீட்டாளர் குறைதீர் அலுவலகம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அவள் மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது டெலிபோன் கம்பி வழியாகச் சென்னைக்குப் போய், அங்கிருந்து கம்பெனிக்குப் போய், பதிலும் அதே வழியில் வந்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'குறையின் தலைப்பு' என்ற இடத்தில் சென்னையில் எவனோ எழுதிவைத்தது மூன்றே மூன்று: வட்டி வரவில்லை, முதிர்வுத் தொகை வரவில்லை, பங்குப் பத்திரம் வரவில்லை. இதில் ஒன்றைத் தொடாமல் அந்தச் சனியன் நகராது.

எதிரே உட்கார்ந்திருந்த பீர் முகம்மதுவின் குறை மூன்றிலும் அடங்கவில்லை. ஏரல்காரர். அரபு நாட்டில், தமாமில் பல வருஷம் வெயிலில் கட்டடக் கம்பி கட்டிவிட்டு ஊர் திரும்பியவர். பேங்கில் போட்டால் வட்டி சேரும், வட்டி ஹராம் என்று சம்பாத்தியத்தை வீட்டுப் பெட்டியிலேயே வைத்திருந்த மனுஷன். மலையடிவாரத்து மாந்தோப்புக் கம்பெனி ஒன்று, காய்க்கிற மரத்தை உங்கள் பேருக்கு எழுதித் தருகிறோம், வருஷா வருஷம் விளைச்சலில் பங்கு என்று நோட்டீஸ் விட்டது. பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டார். மரம் வாங்குவது வியாபாரம், மார்க்கத்தில் கூடும் என்று அவர் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறந்தார். ரெண்டு வருஷம் பங்கு வந்தது. அப்புறம் பாளையங்கோட்டை ஆபீஸில் பூட்டுத்தான் தொங்கியது.

"வட்டின்னு மட்டும் போட்டுராதீங்கம்மா. நான் மரந்தான் வாங்குனேன்" என்றார். நோன்பு வைத்த உதடு வறண்டு வெடித்திருந்தது.

சூப்பிரண்டு கார்த்திகேசனிடம் போய்க் கேட்டாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை. எதையாவது ஒண்ணத் தட்டி அனுப்பும்மா, அங்க எவன் வாசிக்கான் என்றார். இந்த வெயிலில், வெறும் வயிற்றோடு ரெண்டு பஸ் மாறி வந்தவரை இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. வட்டி வரவில்லை என்பதைத் தட்டினாள். திரையில் எல்லாம் இங்கிலீஷ். அவருக்கு வாசிக்கத் தெரியாது. விளைச்சல் பங்கு என்றே போட்டாயிற்று என்று சொல்லிவிட்டாள். அவர் அவளுக்காகத் தொழுகையில் துஆ கேட்பதாகச் சொல்லிப் போனார்.

ரெண்டு மாதத்தில் பதில் வந்தது. தோப்பை விற்று, மரம் வாங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம். பீர் முகம்மதுவுக்கு அதில் பாத்தியதை இல்லையாம். வட்டிக்குப் பணம் போட்டவர் என்று அவர் மனுவிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறாராம். சண்முகசுந்தரி அந்த மனுவைத் திரும்பத் திறந்தாள். தலைப்பை மாற்றப் பார்த்தாள். ஏற்றினது ஏற்றினதுதான் என்றார் சூப்பிரண்டு. நான்தான் தப்பாகத் தட்டினேன் என்று எழுதிக் கொடுத்தால் அவர் மரத்துக்கான பங்கு கிடைக்கும். அவளுடைய தினக்கூலி வேலை போகும். எழுதக் காகிதம் எடுத்தாள். சாயங்காலம்வரை அது வெள்ளையாகவே மேசையில் கிடந்தது.

அடுத்த வாரம் அவரே வந்தார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. கம்பெனி பதிலின் நகல் தபாலில் ஏரலுக்கும் போயிருக்கிறது. ஊரில் இங்கிலீஷ் தெரிந்த தாவூதிடம் கொடுக்க, அவன் கடைத்தெருவில் வைத்துச் சத்தமாக வாசித்திருக்கிறான்.

"மரம் போனா போவட்டும்மா. பள்ளியில எம் பக்கத்துல தோளொட்டி நிக்க யோசிக்கானுவ. வட்டி தின்னவன்னு. யாரும்மா அப்படி எழுதுனது?"

"கம்ப்யூட்டர் தப்பா எடுத்துட்டு பாய்" என்றாள். சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. அதுதான் அவளுக்குக் கேவலமாக இருந்தது.

அவர் அவளைச் சந்தேகிக்கவில்லை. கம்ப்யூட்டரைத்தான் ஒரு பார்வை பார்த்தார். அப்படியென்றால் இந்த மனுவே வேண்டாம், என் பேரை எடுத்துவிடுங்கள் என்றார்.

எடுக்க வழி இல்லை. மனுவை முடிக்க அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மனுதாரருக்குத் திருப்தி. தட்டினாள். பிரிண்டர் கீச்சிட்டு ஒரு இங்கிலீஷ் காகிதத்தைத் துப்பியது. குறை, வட்டி வரவில்லை. முடிவு, மனுதாரருக்குத் திருப்தி. கீழே அரசு முத்திரை.

"என்னம்மா போட்டிருக்கு?"

"உங்க பேர எடுத்தாச்சுன்னு போட்டிருக்கு."

அவர் முகம் தெளிந்தது. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இத ஜமாஅத்துல காட்டலாம்லா? தாவூத விட்டே வாசிக்கச் சொல்லுதேன்."

அவள் வாயைத் திறந்தாள். சூப்பிரண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு அம்மா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கம்பெனிப் பத்திரத்தை நீட்டினாள். ஜன்னலுக்குக் கீழே, பீர் முகம்மது ஓட்டமும் நடையுமாக ஏரல் பஸ்ஸைப் பார்த்துப் போனார். ஒரு கை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஆடியது. இன்னொரு கை சட்டைப் பையை அமுக்கிப் பிடித்திருந்தது.